ஆடி மாதத்து ஆடுகளம்

பிரகாஷ் படுகோனே மல்லேஸ்வரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்தான் இறகுப்பந்து ஆடக் கற்றுக்கொண்டார் என்பது பெங்களூரில் வளர்ந்த எவருக்கும் புதிய செய்தி அல்ல. பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலும், கோடைப் பயிற்சி முகாம்களின் தொடக்க உரைகளிலும் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சொல்கிற எல்லோரும் ஒரே இடத்தில்தான் குரலை உயர்த்துகிறார்கள்: "அந்தக் காலத்தில் எந்த வசதியும் இல்லை, ஆனாலும் சாதித்தார்." இந்த வாக்கியத்தின் முதல் பாதி என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தச் சிறுவனுக்கு வசதி இருந்தது என்றே நான் நினைக்கிறேன். இன்றைய பெங்களூரில் மிகச் சில குழந்தைகளுக்கே வாய்க்கிற வசதி அது.

அவர்கள் வீட்டுக்கு அருகில் கனரா யூனியன் மண்டபம் இருந்தது. அன்றைக்கு அங்கே விசேஷம் எதுவும் இல்லையென்றால், பள்ளிவிட்டதும் ஓடிப்போய் மனம் நிறையும்வரை ஆடியதைப் பற்றித் தம் மகள்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். தந்தை ரமேஷ் படுகோனே மைசூர் பேட்மிண்டன் சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். 1955இல் பிறந்த பையன் 1962இல் மாநில இளையோர் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றான். இரண்டே ஆண்டுகளில் அதே பட்டத்தை வென்றான். 1971இல் தொடங்கி ஒன்பது முறை தொடர்ச்சியாகத் தேசியச் சாம்பியன், 1978இல் எட்மண்டனில் காமன்வெல்த் தங்கம், 1980 மார்ச்சில் வெம்பிளி அரங்கில் இந்தோனேசியாவின் லியெம் ஸ்வீ கிங்கை 15–3, 15–10 என்று வென்று ஆல் இங்கிலாந்துப் பட்டம். இவை அனைத்துக்கும் அடியில் இருந்தது ஒரு கூரை, காற்றை அடைத்துவைக்கும் நான்கு சுவர்கள், ஆட்டத்தை அறிந்த பெரியவர்கள், நேரத்துக்கு விலை வைக்காத ஒரு கதவு. இதை வசதியின்மை என்று சொல்லிப் பழகிவிட்டதால், அப்படி ஒரு கதவை இன்றைய பிள்ளைகளுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராமல் போகிறது. மன உறுதி இருந்தால் போதும் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இன்னொன்றையும் உடனே சொல்லியாக வேண்டும். அந்த மண்டபம் ஒரு சமூகத்தாரின் சங்கத்துக்குச் சொந்தமானது. மல்லேஸ்வரம் 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு, காற்றோட்டமான அகன்ற தெருக்களுடன் வளர்ந்த குடியிருப்பு. படித்து உத்தியோகம் பார்த்த குடும்பங்கள் அங்கே வந்து நிலைத்தன. அதை ஒட்டியே இருக்கிறது நாங்கள் வசிக்கும் ஸ்ரீராமபுரம். இங்கே வடஆற்காட்டிலிருந்தும் தருமபுரிப் பக்கத்திலிருந்தும் பஞ்சாலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழர்கள் நெருக்கமான தெருக்களில் குடியேறினார்கள். இரண்டு பேட்டைகளுக்கும் ஒரே மழை, ஒரே காற்று. கூரையுள்ள ஆடுகளம் மட்டும் ஒரு பக்கத்துக்கே கிடைத்தது.

கூரை கேட்கும் ஆட்டம்

இறகுப்பந்து, எல்லா ஆட்டங்களையும்விடக் கறாராகக் கூரை கேட்கிற ஆட்டம். பதினாறு இறகுகள், ஐந்தரை கிராமுக்கு மிகாத எடை. ஜன்னல் ஒன்று திறந்திருந்தாலே பந்து கோட்டுக்கு வெளியே போய் விழும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தியும் குறைவு. சென்னையில் அடிப்பதுபோல் அடித்தால் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பதால் வேகம் குறைந்த எண்ணுள்ள பந்தையே வாங்குவார்கள். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்குத் தரையிலிருந்து 12 மீட்டர் உயரத்துக்குத் தடையே இருக்கக்கூடாது. இவ்வளவு நுட்பமான ஆட்டத்தை வெட்டவெளியில் முறையாகக் கற்றுக்கொள்ளவே முடியாது.

நம்முடைய சிற்றூர்களில் இதற்கு மாறான வரலாறு ஒன்று உண்டு. கூடைப்பந்தை ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உருவாக்கியதே பனிக்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காகத்தான். 1895இல் வந்த கைப்பந்தும் அப்படி உள்ளரங்கில் பிறந்ததே. இரண்டும் ஒய்.எம்.சி.ஏ. வழியாக உலகெங்கும் பரவின. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியும் அந்த வழியில் வந்ததுதான். அங்கே பயின்றவர்கள் உடற்கல்வி ஆசிரியர்களாக ஊர் ஊராகப் போனபோது கூடவே அந்த ஆட்டங்களும் போயின, கூரை மட்டும் போகவில்லை. பள்ளித் திடலில், சிமெண்டுத் தரையில், வேப்பமரத்தடியில் ஆடினார்கள். மழை பெய்தால் ஆட்டம் நின்றது. வெயில் தாழ்ந்தால் தொடங்கியது. இறகுப்பந்துக்கு அந்த வழியும் இல்லாததால், ஐந்து ஐந்து பேராகக் கம்பளிப் பந்தை வைத்துத் திறந்தவெளியில் ஆடும் பூப்பந்து நம் ஊர்களில் வேரூன்றியது. தஞ்சாவூர் அரச குடும்பத்தினர் ஆடிய ஆட்டம் என்று அதன் தொடக்கத்தைச் சொல்வார்கள். ஏறக்குறைய முப்பது கிராம் எடையுள்ள கம்பளி உருண்டையை மாலைக்காற்று அசைப்பதில்லை. எந்த ஊர் எந்த ஆட்டத்தில் பேர் வாங்கியது என்று கேட்டால் திறமையைப் பற்றியே பேசுகிறோம். அந்த ஊரில் யாரிடம் கூரை இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சிற்றூர்களில் அகன்ற கூரை சிலரிடம்தான் இருந்தது. இரயில்வே ஊர்களில் 'இன்ஸ்டிடியூட்' என்று அழைக்கப்பட்ட கூடம். சுரங்கமோ தோட்டமோ இருந்த இடங்களில் கம்பெனி கிளப். மற்ற ஊர்களில் சத்திரமும் கல்யாண மண்டபமும். முதல் இரண்டுக்குள் நுழைய உத்தியோகம் வேண்டும். மண்டபத்துக்குள் நுழைய மட்டும்தான் ஒரு தாம்பூலப் பையோ, தெரிந்தவர் என்ற ஒரு சொல்லோ போதுமானதாக இருந்தது.

ஆடியும் ஆஷாடமும்

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிப் பழைய மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் ஷட்டில் ஆடினார்கள் என்று மாமனார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆடியவர்கள் பலர் இன்றில்லை. அங்கே சிறுவனாக எடுபிடி வேலை பார்த்து, பிறகு தச்சு வேலைக்குப் போய், இப்போது பேரப்பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெரியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மல்லேஸ்வரத்து மண்டபத்தைப் போல எங்கள் பேட்டையிலும் ஒரு திறந்த கதவு இருந்தது என்று அவர் வாயால் கேட்டு எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அவர் முதலில் சொன்னது ஆடுகளத்தின் பஞ்சாங்கத்தை. முகூர்த்த மாதங்களில் மட்டை பரணுக்குப் போய்விடும். தமிழர்கள் ஆடியில் கல்யாணம் செய்வதில்லை. கன்னடர்களுக்கு ஆஷாடம் ஆகாது. அவர்களுடைய ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆனியிலேயே தொடங்கிவிடுவதால், இரண்டும் சேர்ந்து மண்டபம் ஒன்றரை மாதத்துக்கு மேல் சும்மா கிடக்கும். பிறகு மார்கழி. "கல்யாணம் இல்லாத மாசந்தாம்மா எங்களுக்கு சீசன்" என்றார். வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரியடிக்க, உள்ளே கதவையும் ஜன்னலையும் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய ஆடுவார்கள். இரண்டு நாள்காட்டிகளின் விலக்கு நாட்கள் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பருவத்தை உண்டாக்கியிருக்கின்றன என்பதை நான் எந்த விளையாட்டு வரலாற்றிலும் படித்ததில்லை.

தரை சிவப்பு ஆக்சைடு. அதன்மேல் மஞ்சள் பெயிண்டில் கோடுகள். கல்யாண நாளில் கோட்டின் மேலேயே மாக்கோலம் விழும், ஓமகுண்டத்துக்குச் செங்கல் அடுக்குவார்கள். நெட் கம்பம் நடும் இரண்டு குழிகளுக்கும் பித்தளை மூடி உண்டு. பந்தி பரிமாறுகிறவர்களின் கால் இடறாமலிருக்க அதைச் சரியாகப் பொருத்தி, மேலே ஜமுக்காளத்தை விரிப்பது அவர் வேலை. கல்யாணம் முடிந்த மறுநாள் தரையில் நெய்யும் எண்ணெயும் திட்டுத்திட்டாக இருக்கும். அதன்மேல் மரத்தூளைத் தூவி ஊறவிட்டுக் கூட்டித் தள்ளி, பிறகு சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி உலரவிட்டால்தான் ஆடுகிறவர்களின் கால் நிற்கும். ஒரு பக்கம் மணமேடை நீட்டிக்கொண்டிருந்ததால் அந்த முனையில் பின்னால் நகர இடம் போதாது. உத்தரம் தாழ்வு, உயர்த்தி அடித்தால் பந்து நீளக் குழாயில் தொங்கும் மின்விசிறியில் மாட்டிக்கொள்ளும். அதனால் அங்கே ஆடியவர்கள் பந்தை வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்திலேயே ஓட்டுவதிலும், வலையோரம் மெத்தென்று இறக்குவதிலும் கைதேர்ந்தவர்கள் ஆனார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் உத்தரத்துக்கே பாதிப் புள்ளிகளை இழப்பார்கள் என்று சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

"நீங்களும் அங்கேயே ஆடினீங்களாய்யா?" என்று கேட்டேன்.

"நான் எங்கேம்மா ஆடறது? பந்து பொறுக்கிப் போட்டேன். அவங்க ஆபீஸ் விட்டு வருவாங்க, வெள்ளை டவுசர், வெள்ளை பனியன். நான் ஓரமா ஒக்காந்து பார்ப்பேன். இறகு ஒடைஞ்ச பந்தைக் குடுத்துடுவாங்க. அதை எடுத்துட்டுப் போயி ராத்திரி காத்து அடங்கினதும் தெருவுல பரீட்சை அட்டையால அடிப்போம்."

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். பிறகு, இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கோர்ட்டுகள் வந்துவிட்டதையும், அந்த நாள் மண்டபம் போல வராது என்ற என் எண்ணத்தையும் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காசு குடுத்தா ஆடலாம்னு அன்னிக்கு ஒரு எடம் இருந்திருந்தா, ஒரு வாரக் கூலியைக் குடுத்தாவது ஒருதரம் அந்தக் கோட்டுக்குள்ள நின்னிருப்பேம்மா. காசுக்கு நான் யாருன்னு தெரியாதில்ல" என்றார்.

என்னால் எளிதில் தாண்டிப்போக முடியாத பேச்சு இது. விலையில்லாத கதவு என்று நான் போற்றிய ஒன்று, அவருக்கு விலை கொடுத்தும் திறக்காத கதவாக இருந்திருக்கிறது. சங்கத்தின் மண்டபம், சமூகத்தின் மண்டபம், தெரிந்தவர்களின் மண்டபம் என்ற ஏற்பாட்டில் அன்பும் உண்டு, வேலியும் உண்டு. இன்றைய வாடகைக் கோர்ட்டின் முகப்பில் நிற்கும் பையன் கைப்பேசியில் வந்த எண்ணைத்தான் கேட்கிறான். அப்பா பெயரையோ ஊரையோ கேட்பதில்லை. இது சிறிய மாற்றம் அல்ல. பழைய மண்டபத்தைப் பற்றி உருகி எழுதுகிற யாரும் இதை விட்டுவிட்டு எழுதக்கூடாது என்றே இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அதே பேச்சில் அவர் இன்னொன்றும் சொன்னார். ஒற்றையர் ஆட்டத்தில் எப்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும், எதிராளியின் தோள் எப்படித் திரும்பினால் பந்து எந்தப் பக்கம் வரும் என்பதெல்லாம் அவருக்கு இன்றும் அத்துப்படி. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை மட்டும் அசைத்து எனக்குக் காட்டினார். யாரும் கற்பிக்கவில்லை, மணமேடையின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தே அறிந்தார். ஆடவிடவில்லையே தவிர, பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. பின்னாளில் அவருடைய மகன் பள்ளி அணியில் ஆடியபோது, முதல் பயிற்சியாளர் இவர்தான்.

பார்ப்பதற்கு ஓர் இடம்

என் மகள் வாரத்தில் சில நாட்கள் பயிற்சிக்குப் போகும் அரங்கு மிக நல்ல அரங்கு. மரச்சட்டங்களின் மேல் பச்சை நிறச் செயற்கை விரிப்பு, கண்ணைக் கூசாத பக்கவாட்டு விளக்குகள், தகரக் கூரை என்றாலும் போதிய உயரம். பயிற்சியாளர்கள் பொறுப்பானவர்கள். ஒருநாள் அவளோடு வகுப்புத் தோழி ஒருத்தியும் வந்தாள். ஆடுவதற்கு அவள் பணம் கட்டியிருக்கவில்லை, பார்க்கத்தான் வந்தாள். ஆடுகளத்துக்குள் பதிவு செய்தவர்கள் மட்டும்தான் இருக்கலாம் என்று முகப்பில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார். செருப்பு அடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று, கம்பி வலையின் வழியே அந்தப் பெண் ஒரு மணி நேரம் பார்த்தாள். வலைக்குப் பின்னால் தொங்கிய விளம்பரத் துணி பாதிக் களத்தை மறைத்தது. பயிற்சி முடிந்ததும், அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எடுத்தவர்கள் கதவருகில் காத்திருந்ததால், ஆடியவர்களும் ஐந்து நிமிடத்துக்குள் வெளியேறினார்கள். தோற்றவரும் வென்றவரும் உட்கார்ந்து பேச அங்கே இடமில்லை.

நிர்வாகியிடம் பிறகு பேசினேன். அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. நில வாடகை ஏறுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது. ஒரு வரிசை பெஞ்சு போட்டால் பக்கத்துக் கோர்ட்டின் அகலம் குறையும், கோர்ட்டுதான் வருமானம். இரட்டையர் களம் ஒன்றின் அளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். அந்த அளவை எத்தனை முறை ஒரு கூரைக்குள் அடக்கலாம் என்ற கணக்கில்தான் இன்றைய சிற்றரங்குகளின் வரைபடமே தொடங்குகிறது. பார்வையாளர் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார். நிர்வாகியைக் குறைசொல்லி என்ன பயன்? தனியார் முதலீட்டில் ஓடும் இடம் அது. என் கேள்வி, பொதுப்பணத்தில் கட்டப்படும் அரங்குகளும் ஏன் அதே கணக்கில் கட்டப்பட வேண்டும் என்பதுதான்.

பார்வையாளர் இல்லாத உள்ளரங்கம் எப்படி இருக்கும் என்பதை இந்த நகரம் ஒருமுறை முழுமையாகவே பார்த்தது. கொரோனா காலத்தில், 2021 டிசம்பரிலிருந்து 2022 பிப்ரவரி வரை, புரோ கபடியின் எட்டாவது பருவம் முழுவதும் ஒயிட்ஃபீல்டில் ஒரு நட்சத்திர ஓட்டலின் கூட்ட அரங்கில் நடந்தது. பெரிய வீட்டு வரவேற்புகளும் மாநாடுகளும் நடக்கிற அப்படியோர் இடத்தில் விரிப்பைப் போட்டு, எல்லா அணிகளையும் தங்கவைத்து, ஒரு பார்வையாளர்கூட இல்லாமல் ஆடினார்கள். தமிழ் தலைவாஸ் ஆட்டங்களை எங்கள் வீட்டில் ஒன்றுவிடாமல் தொலைக்காட்சியில் பார்த்தோம். இறுதியாட்டத்தில் டெல்லி பாட்னாவை 37–36 என்று ஒரே ஒரு புள்ளியில் வென்றது. அந்த ஒரு புள்ளிக்கு எழுந்து நின்று கத்த வேண்டியவர்கள் வீடுகளில் இருந்தார்கள். அந்த நேரத்தில் அதற்கு வேறு வழியில்லை, அதைச் செய்து முடித்ததே பெரிய காரியம். நோய்க்காலத்தின் கட்டாயம் தீர்ந்த பிறகும் பேட்டைச் சிறுவர்களுக்கான அரங்குகள் அதே நிலையில் நீடிப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்துப் பதக்கம் வென்ற தமிழ்ப் பெண்களில் துளசிமதி காஞ்சிபுரத்துக்காரர், நித்யஸ்ரீ இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஓசூர்க்காரர். ஓசூரிலும் காஞ்சிபுரத்திலும் ஆடக்கூடியவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. தமிழ்நாட்டில் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். இங்கே பெங்களூரிலும் உள்ளரங்குகள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எல்லாம், காசு கொடுத்தவர் எவராயினும் ஆடலாம் என்ற இன்றைய நல்ல வழக்கமும் வேண்டும். காசே இல்லாத ஒரு பிள்ளை சுவரோரமாக உட்கார்ந்து மாலை முழுவதும் பார்க்கலாம் என்ற அந்த நாள் வழக்கமும் வேண்டும். இரண்டும் ஒரே கூரைக்குள் இருக்க முடியாது என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில், சுவரோடு சேர்த்து, ஒரு சிமெண்டுத் திண்ணை. அதைக் கட்டட வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். பிறகு கேட்டால் இடமில்லை என்ற உண்மையான பதில்தான் வரும்.

எங்கள் பேட்டை மண்டபத்தில் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வரும் ஆஷாடத்திலும் ஆடியிலும் வேலைநாட்களில் மாலை நான்கிலிருந்து ஏழு வரை கூடத்தைப் பிள்ளைகளுக்குத் தர முடியுமா என்று சில தாய்மார்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பழைய சிவப்புத் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுவிட்டார்கள். கம்பக் குழிகள் அதற்கடியில் போய்விட்டன. வழுக்காமலிருக்கச் சுருட்டி விரிக்கும் பாய் வாங்க வேண்டும், கம்பத்தை நடாமல் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு என்று செயலாளர் கேட்கிறார், கேட்க வேண்டிய கேள்விதான். காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். சாதியோ மொழியோ தெருவோ கேட்காமல் பெயர் பதிவு செய்ய வேண்டும், மணமேடையின் விளிம்பில் யார் வந்து உட்கார்ந்தாலும் எழுப்பக்கூடாது என்ற இரண்டையும் மனுவிலேயே எழுதிவிட்டோம். பெரியவர் போனவாரம் கூடத்தை வந்து பார்த்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடித்தட்டிலும் இரண்டு மணல் மூட்டை வைத்தால் நெட் தொய்யாது, அந்தப் பலகையை நானே செய்து தருகிறேன் என்கிறார். டைல்ஸில் கீறல் விழாமல் பலகைக்கு அடியில் ரப்பர் ஒட்ட வேண்டும் என்பது செயலாளரின் நிபந்தனை. அடுத்த கூட்டம் ஆனி பிறந்ததும்.